பாறைமேட்டுப் பல்லிகள்

பதுளையில் பசறை பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் என் கையிலிருந்த மூங்கில் கழிகளைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்து இருக்கையில் இருந்தவர், "மீன் புடிக்கவான்னு கேக்குறாரு" என்றார். ஓணான் பிடிக்க என்றேன். அவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் பின்வரிசை வரை சிரித்தார்கள். "இந்தியாவுல ஓணான் தீந்துபோச்சான்னு கேக்குறாரு."

தீரவில்லை. அங்கே வேலைதான் தீர்ந்துபோயிருந்தது.

எனக்குப் போடிநாயக்கனூர். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்தேன், லாரியில் கிளீனராக வடக்கே போனேன், கேரளத்தில் கிணறு வெட்டினேன். மேகமலையில் ஓணான்களை ஆராய வந்தவர்களுக்குச் சாமான் தூக்கப் போனவன், மூங்கில் நுனியில் தூண்டில் நரம்பால் சுருக்குப் போட்டு அவர்களைவிட வேகமாகப் பிடித்துக் காட்டினேன். அதிலிருந்து இதுதான் தொழில். அந்தக் கூட்டத்தில் இருந்த கொழும்புக்கார டாக்டரம்மாதான் இப்போது என்னை ஊவா மலைக்குக் கூப்பிட்டிருந்தார். வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல, பல்லி ஓணான்களைப் பற்றிப் படித்து வாங்கிய டாக்டர். அவர் பேசுவது சிங்களமும் ஆங்கிலமும். தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் தெரியும், ஆனாலும் மனதில் இருப்பதைத் தமிழில்தான் சொல்வார்கள் என்பது அவர் நினைப்பு, அதற்கும் சேர்த்துத்தான் நான். அவருடைய ஆங்கிலத்தில் எனக்குப் பாதி புரியும். அந்தப் பாதியை வைத்துத்தான் அவர் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

பசறைக்கு முன்னால் ஒரு வளைவில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பஸ் நின்றது. எங்கள் ஊரில் என்றால் இறங்கியதும் நாலு பேர் அரசாங்கத்தைத் திட்டியிருப்பார்கள். இங்கே யாரும் திட்டவில்லை. மண்வெட்டி வரும் வரை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு பெண் பையிலிருந்து மீன் அடைத்த பனிஸ் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உள்ளே இருந்த மிளகு தொண்டையைப் பிடித்தது.

"பகல்ல எறங்குச்சேன்னு சந்தோசப்படணும் தம்பி. ஆளுங்க தூங்குறப்ப எறங்கலயே" என்றார்.

பசறையில் டாக்டர் ஆட்டோவோடு காத்திருந்தார். தோட்டத்துக்கு மேலே ஏறும்போது அது இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. நானும் டாக்டரும் இறங்கித் தள்ளினோம். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் முற்றத்தில், எங்களுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சுப்பையா கங்காணி. வயது அறுபது இருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. மற்றவர் கொழுந்து பறிக்கும் பிலோமினா. எங்களுக்கு வழிகாட்டவும் சமைக்கவும் அவரை ஒரு வாரம் வேலையிலிருந்து விட்டிருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல், ஒல்லி. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை.

நான் போடி என்றதும் பிலோமினாக்காவின் முகம் மாறியது. "எங்க ஆளுங்களும் அங்கிட்டுருந்துதான் வந்தாங்களாம், கம்பத்துப் பக்கம். அப்ப நீங்க நம்ம ஆளு."

கங்காணி டாக்டரின் பெட்டிகளைப் பார்த்தார். "எங்கள எண்ண ஒருத்தனும் வரல. பல்லிய எண்ண ஆள் வந்துருச்சு. நல்லாருங்க."

அவர் கேலியில் விஷயம் இருந்தது. கீழ் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினெட்டு அறைகள், பதினெட்டுக் குடும்பம். மழை வலுத்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பல வருஷம் மனுக் கொடுத்து, பாறைமேடு என்ற இடத்தில் இவர்களுக்கு வீடு கட்டக் காணி தருவதாக இப்போதுதான் முடிவாகியிருந்தது. காட்டை ஒட்டிய நிலம் என்பதால் பிரிப்பதற்கு முன் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். செடிகளைப் பார்த்தவரும் பறவைகளைப் பார்த்தவரும் தடை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஊர்வன மட்டும் பாக்கி. அதற்கு நாங்கள்.

டாக்டருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை. எனக்கு லயத்தின் கடைசி அறை, இங்கே அதற்குக் காம்பரா என்று பெயர். அங்கே இருந்த குடும்பம் பயந்துபோய் வெளியேறிவிட்டதாம். பின்சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு வெடிப்பு. கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போனது, உள்ளே மண் ஈரமாக இருந்தது. கிணறு வெட்டியவனுக்கு அந்த ஈரம் தெரியும். பாயைக் கதவோரமாக இழுத்துப் போட்டுப் படுத்தேன்.

வியாழக்கிழமை ஓடைக்கரைக் காட்டில் வேலை. ஐம்பது மீட்டர் கயிறு கட்டி, அதன் இருபுறமும் மெதுவாக நடந்து, ஒவ்வொரு மரத்தையும் அடியிலிருந்து நுனி வரை பார்க்க வேண்டும். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்தது போலவே திருப்பி வைக்க வேண்டும். இதில்தான் டாக்டர் கண்டிப்பு. கல் ஒரு விரல் தள்ளி இருந்தாலும் கூப்பிட்டுச் சரி செய்ய வைப்பார். அட்டைகள் காலுறைக்குள் ஏறின. பிலோமினாக்கா காலில் சோப்பைக் கனமாகத் தேய்த்துக்கொண்டு வெறும் செருப்போடு நடந்தார். அவரை ஒன்றும் கடிக்கவில்லை. மறுநாள் நானும் அப்படியே செய்தேன்.

பச்சை ஓணான் கிடைத்தது. மூக்கு நுனியில் கோலிக்குண்டு போல உருண்டை வைத்த ஓணான் கிடைத்தது, என் வாழ்நாளில் முதல் முறை. பிடித்ததும் சிவந்த வாயைப் பிளந்து மிரட்டியது. அது பலிக்கவில்லை என்றதும் செத்த மாதிரி கையில் கிடந்தது. "எங்க தொர மாதிரி. மொதல்ல கத்துவாரு, ஆளுங்க அசையலன்னா படுத்துக்குவாரு" என்றார் அக்கா. தோட்ட மேனேஜரைத் தொரை என்றுதான் இன்னும் சொல்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாடு தடித்த ரொட்டியும் கட்டைச் சம்பலும். வெங்காயமும் மிளகாயும் உப்பும் அம்மியில் நசுக்கியது. பால் இல்லாத தேநீர். சீனியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு. தேயிலையின் நடுவில் உட்கார்ந்து குடித்தும் அது தூள்தான். நல்ல இலை கப்பலுக்குப் போய்விடும் என்றார் அக்கா. எங்கள் ஏலக்காயும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைதான் அந்தப் பல்லி அகப்பட்டது. ஓடைக்கு அப்பால், காணிக்கு வெளியே, நிழலில் இருந்த ஒரு கல்லில். கட்டைவிரல் நீளம்கூட இல்லை, பாறை நிறம். வீட்டுப் பல்லிக்குக் கண்மணி கோடு போல இருக்கும், இதற்கு வட்டம். பகலில் நடமாடும் ஜாதி. டாக்டர் அதைத் திருப்பிப் பிடித்துத் தொடையின் அடியில் இருந்த துளைகளை லென்ஸில் எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். பிறகு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உலகத்திலேயே வேறு ஒரு மலையில், சில பாறைகளில் மட்டும் பார்த்திருக்கிறார்களாம்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், நாலைந்து பேர் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கல்லுப் பல்லி. இதுக்கா அம்மா சந்தோசப்பட்டாங்க?" என்றார் கங்காணி.

எனக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. படிக்காதவன் தெரிந்துகொண்ட விஷயத்தைச் சொல்லும்போது வரும் திமிரோடு சொன்னேன்: "சாதாரணம் இல்லீங்க. இது இருக்கிற பாறையில ஒரு செங்கல் வைக்க முடியாது. அவ்வளவு சட்டம்."

பிலோமினாக்கா போனை இன்னொரு முறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ரொட்டி இன்னொண்ணு வைக்கவா தம்பி?" என்றார்.

சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காணி விஷயத்தைக் கவனிக்கும் அதிகாரியைப் பதுளையில் அவர் வீட்டில் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். போகும் வழியில் எதிர் மலை முகட்டில் மண்வெட்டும் இயந்திரம் நின்றது. வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி கட்டுகிறார்களாம், அறையிலிருந்தே பள்ளத்தாக்கு தெரியுமாம். அங்கே பல்லி பார்த்தது யார் என்று கேட்டேன். "எங்களைக் கேட்கவில்லை" என்றார் டாக்டர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதுளைக் கடையில் சோறும் கறியும் சாப்பிட்டேன். மூன்று மரக்கறி, பருப்பு, கருவாடு, அப்பளம். ரசம் மட்டும் தேடினேன். நாங்கள் திரும்பும்போது லயத்து ஆட்கள் மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆண், பெண், எல்லோர் கையிலும் கத்தி, விளக்குமாறு, வாளி. காலையில் ஜெபத்துக்குப் போனவர்களும் கோயிலுக்குப் போனவர்களும் சேர்ந்து சிரமதானம் செய்தார்களாம். இங்கே பள்ளிக்கூடம் கழுவ, பாதை செப்பனிட என்று எதற்கும் கூலி வாங்காமல் கூடிச் செய்வதற்கு அந்தப் பெயர். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே செய்தார்கள் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை பாறைமேடு. ஏறியதும் டாக்டர் நின்றுவிட்டார். புதர் வெட்டியிருந்தது. சருகு கூட்டியிருந்தது. பாறைகளை ஈர்க்கு விளக்குமாற்றால் கழுவி விட்டிருந்தார்கள், பாசிகூட இல்லை.

"ஏன் சுத்தம் செய்தீர்கள்?" என்று கேட்கச் சொன்னார். தமிழில் கேட்டேன்.

"வீடு கட்டப் போற எடம் இல்லீங்களா" என்றார் கங்காணி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கயிறு கட்டினோம். இரண்டு மணி நேரம் நடந்தோம். ஒரு அரணை, ஒரு சாதாரண ஓணான். வேறொன்றும் இல்லை. டாக்டர் நோட்டை மூடப் போனார். நான் கடைசியாக ஒரு பெரிய பாறையின் அடியில் மல்லாக்கப் படுத்து, கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டினேன். பாறையின் கூரையில் வெள்ளை வெள்ளையாக மின்னியது. மிளகை விடக் கொஞ்சம் பெரிய முட்டைகள், ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தன. முப்பது நாற்பது இருக்கும். பல தாய்கள் ஒரே இடத்தில் வந்து இடுவது. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"டாக்டர், முட்டை!" என்று கத்தினேன். புதையல் எடுத்தவன் மாதிரி கத்தினேன்.

அவரும் படுத்துப் பார்த்தார். முட்டையை வைத்து இன்ன ஜாதி என்று எழுத முடியாது, தாய் ஒன்றையாவது பார்க்க வேண்டும், காத்திருப்போம் என்றார்.

தேநீர் ஊற்றும் சாக்கில் பிலோமினாக்கா என் பக்கத்தில் வந்து குந்தினார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஏன் தம்பி கத்துனீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நேத்து பூரா புடிச்சோம். போத்தல்ல, வாளில. ஒண்ணையும் கொல்லல. கொண்டுபோயி லயத்துப் பின்னாடி கல்லுக்கட்டுல விட்டுட்டோம், பொழச்சுக்கிடட்டும்னு. அந்த முட்டையயும் பாத்தோம். பிச்சா வரல, ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒடைச்சாத்தான் வரும்."

"ஒடைச்சிருக்கலாமே அக்கா."

"கங்காணி சொன்னாரு. யாரும் கை வைக்கல. நீங்க வைப்பீங்களா? அத்தனையும் குஞ்சு. உள்ள கெடக்குது, யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்கன்னு வந்துட்டோம்." தேநீர்க் குவளையை என் கையில் கொடுத்தார். "நீங்க குனிஞ்சு பாத்துட்டீங்க."

எழுந்து பாறையின் பக்கம் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "தாயி இல்லேன்னா எழுத முடியாதுன்னுதானே அம்மா சொன்னாங்க? நம்ம ஆளு நீங்க. பாத்துக்கங்க."

உச்சி வெயில் ஏறியபோது ஒன்று வெளியே வந்தது. அவர்கள் கைக்குத் தப்பியதாக இருக்கும். பாறையின் விளிம்பில் நின்று தலையைத் தூக்கியது. டாக்டர் என் தோளைத் தொட்டார். அவர் தூரத்தில் இருந்தார், நான் ஒரு கை தூரத்தில். நான் ஒரு அங்குலம் தள்ளிக் கையை வைத்திருந்தால் அது இடுக்குக்குள் போயிருக்கும், அன்றைக்குத் திரும்ப வந்திருக்காது. பதினெட்டுக் குடும்பம் மேலே வந்திருக்கும்.

கை பழக்கத்தில் போய்விட்டது என்று பிறகு அக்காவிடம் சொன்னேன். அது பொய். யோசிக்க நேரம் இருந்தது. குறி தப்பாதவன் என்று டாக்டர் என்னை இரண்டு நாட்டு ஆட்களிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் பார்க்கும்போது தப்பவிட எனக்கு மனம் வரவில்லை. பிடித்துக் கொடுத்தேன்.

அவர் தொடையின் துளைகளை எண்ணினார். அதே பல்லி.

செவ்வாய்க்கிழமை டாக்டர் போனில் அதிகாரியிடம் பேசினார். அப்படியென்றால் அந்தக் காணி வேண்டாம், மறு அறிவித்தல் வரும் வரை நிறுத்திவைப்போம், வேறு இடம் பார்க்கலாம் என்றாராம். தேயிலை நிற்கிற சமநிலத்தில் கொடுங்கள் என்று டாக்டர் கேட்டார், சண்டை போட்டார் என்றே சொல்ல வேண்டும். தேயிலை நிலத்தைத் தோட்டம் தராது என்று பதில் வந்தது. அது எனக்குப் புரிந்தது. மண் நல்ல இடத்தில் தேயிலை நிற்கிறது. ஆட்களுக்குத் தருவது பாறை. அந்தப் பல்லிக்கும் பாறைதான் வேண்டும்.

கங்காணி என்னைப் பார்த்தால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். ரொட்டி வந்தது, சம்பல் வரவில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலையில், வேலையிலிருந்து விட்ட வாரம் முடிந்திருந்தும், பிலோமினாக்கா பெரட்டுக்குப் போகாமல் டாக்டரிடம் வந்தார். சிங்களத்தில் நேராகப் பேசினார், பக்கத்தில் நின்ற எனக்கு இடையிடையே தமிழில் சொன்னார். அந்தப் பல்லி எங்கள் லயத்துக் கல்லுக்கட்டிலும் இருக்கிறது, வந்து பாருங்கள், பல்லி இருக்கிற இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தச் சரிவையும் காப்பாற்ற வேண்டும், அணைச்சுவர் கட்டித் தர வேண்டும் என்று எழுதுங்கள் என்றார். இதை யோசித்துக்கொண்டு எத்தனை நேரம் விழித்திருந்தாரோ.

டாக்டர் எழுந்து வந்தார். காம்பராக்களின் பின்னால் வெடித்த மண்ணை ஒட்டிக் கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு பழைய கல்லுக்கட்டு. ஐந்து நிமிஷத்தில் இரண்டு பல்லிகளைக் கண்டுவிட்டார். லென்ஸில் பார்த்தார். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"இது எப்படி இங்கே வந்தது? நிழல் இல்லை, அடுக்கி வைத்த கல், பக்கத்தில் காடு இல்லை."

பிலோமினாக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நாங்கதான் கொண்டாந்து விட்டோம்" என்றார், இந்த முறை தமிழில். நான் மொழிபெயர்த்தேன்.

டாக்டர் லென்ஸைப் பையில் போட்டார். பிறகு மெதுவாக, வருத்தத்தோடுதான் சொன்னார். கொண்டுவந்து விட்டதை அந்த இடத்து உயிராக எழுத முடியாது. எத்தனை இருந்தாலும் முடியாது. இங்கே வெயிலில் பிழைக்கவும் பிழைக்காது. எல்லாவற்றையும் பிடித்து அதன் சொந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார், எனக்கு ஆங்கிலத்தில். அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஒரு வாரத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எங்களையும் இதே மாதிரிதான் தம்பி சொன்னாங்க. கொண்டாந்து விட்டதுங்க, இந்த எடத்து ஆளு கெடயாது, திருப்பி அனுப்புன்னு. எங்க மாமன் குடும்பத்த கப்பல்ல ஏத்தி உங்க ஊருக்கு அனுப்பிச்சாங்க. போன எடத்துல எப்புடிப் பொழச்சாங்கன்னு ஒரு கடுதாசி இல்ல." கல்லுக்கட்டைத் தட்டினார். "இதுங்களுக்காச்சும் போற எடம் தெரியுது."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். முழுவதையும் மொழிபெயர்த்தேன், என் அரைகுறை ஆங்கிலத்தில், ஒன்றையும் விடாமல். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினார்.

அன்று பகல் முழுக்க அதுதான் வேலை. நான் பிடித்தேன், டாக்டர் ஒவ்வொன்றாக அளந்து ஈரத்துணி போட்ட பெட்டியில் வைத்தார். பல்லி நோகக்கூடாது என்று பெட்டியை மார்போடு அணைத்தபடியே மேலே ஏறினோம். அக்கா கொழுந்து பறிக்கப் போய்விட்டார். மூன்று மணிக்கு வானம் கறுத்தது, பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியில் கீழ் லயத்து ஆட்களை வரச் சொல்லி அறிவித்தார்கள். பாறையிலிருந்து பார்க்கும்போது பாயும் சட்டியுமாக அவர்கள் வரிசையாகப் போவது தெரிந்தது. கங்காணியின் தொப்பி முன்னால் போனது.

நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக இடுக்கில் விட்டேன். கல்லைத் தொட்டதும் ஓடி மறைந்தன, ஒன்றுகூடத் தயங்கவில்லை. மழை பிடிப்பதற்குள் பதினாலு பல்லிகளையும் பாறைமேட்டில் குடியேற்றி முடித்துவிட்டோம்.